நன்றி யாருடைய பாடல்?

1

ஒக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஜேர்மன் தேவாலயங்களில் அறுவடை நன்றித் திருநாள் கொண்டாடப்படுகிறது. பீடத்தின் முன்னால் பூசணிக்காய், கோதுமைக் கதிர், அப்பிள், பெரிய வட்ட ரொட்டி எல்லாம் அடுக்கப்பட்டிருக்கும். அது முடிந்து சில வாரங்களில் திருவருகைக் காலம் தொடங்கும், பின்னர் நத்தார். நான் வாழும் டிரெஸ்டன் நகரின் பெரும்பான்மையோர் எந்தத் திருச்சபையையும் சேராதவர்கள். ஆயினும் 1434இல் தொடங்கிய நத்தார்ச் சந்தை கூடும்போது நகரம் முழுவதும் அங்கே வந்துவிடுகிறது. நம்பிக்கை போனாலும் கொண்டாட்டம் போவதில்லை.

இத் திருநாட்கள் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சுகளைக் கேட்கலாம். ஒன்று நமது செபக் கூட்டங்களில் ஒலிப்பது: "ஆண்டவர் எங்களைத் தப்புவித்துக் கொண்டுவந்து சேர்த்தார், தோத்திரம்." மற்றது நமது இலக்கியக் கூட்டங்களில் ஒலிப்பது: "நன்றி என்பது அடிமைகளின் ஒழுக்கம், இருப்பதை ஏற்கவைக்க மதம் கண்டுபிடித்த மயக்கமருந்து." இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஏளனம் செய்கிறார்கள். ஆனால் ஒரு விடயத்தில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. கிறிஸ்தவ நன்றி என்றால் 'எனக்கு நல்லது நடந்தது, ஆகவே கடவுளுக்கு நன்றி' என்பதே என இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் யாழ்ப்பாணத்து வேதக்காரக் குடும்பமொன்றில் பிறந்தவன். அங்கே விரிவுரையாளனாக இருந்தேன். இங்கே வெதுப்பகத் தொழிற்சாலை ஒன்றில் 'ஸ்டொலன்' எனப்படும் நத்தார் கேக்கைப் பொதி செய்கிறேன். இதை இரக்கம் தேடிச் சொல்லவில்லை. ஆண்டின் நான்கு மாதங்கள் பிறருடைய கொண்டாட்டத்துக்காக இரவு ஷிப்ட் செய்பவனுக்கு, அக் கொண்டாட்டத்தின் பொருள் என்ன என்று கேட்கும் உரிமை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

2

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'நன்றி' என்பதன் அடிப்பொருள் நல்லது, நன்மை என்பதே. திருக்குறளின் பதினொராம் அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். அங்கே நன்றி என்பது செய்யப்பட்ட நன்மை. நாம் செய்ய வேண்டியது அதை அறிதல். நமது ஊர்ப் பேச்சில் அண்மைக் காலம் வரை யாரும் யாருக்கும் 'நன்றி' என்று சொன்னதில்லை. அம்மாவிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்னால் அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். நன்றி சொல்லப்படுவதில்லை, மறக்கப்படாமல் இருப்பதே நன்றி. ஜேர்மன் மொழியிலும் நன்றி கூறலைக் குறிக்கும் 'டாங்கன்' என்ற சொல்லும் சிந்தித்தலைக் குறிக்கும் 'டெங்கன்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஹைடெக்கர் 1951–52 ஆண்டுகளில் நிகழ்த்திய விரிவுரைகளில் இவ்வுறவை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

கிறிஸ்தவ வழிபாட்டின் மையமான நற்கருணைக்குக் கிரேக்கத்தில் 'யூக்கரிஸ்தியா' என்று பெயர். அதன் நேர்ப்பொருள் நன்றி கூறல். அந்த நன்றி எப்போது கூறப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. இயேசு அப்பத்தை எடுத்து நன்றி கூறியது வெற்றிபெற்ற நாளில் அல்ல, காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். இதை நமக்கு எழுதிவைத்த பவுல், கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய அதே பகுதியில் ஒரு கடுமையான குற்றச்சாட்டையும் வைக்கிறார்: உங்கள் விருந்தில் ஒருவன் பசியோடிருக்கிறான், இன்னொருவன் வெறித்திருக்கிறான், இது ஆண்டவரின் விருந்தல்ல என்கிறார். நன்றி செல்லுபடியாவதும் ஆகாததும் பந்தியில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைப் பொறுத்திருக்கிறது.

லூக்கா நற்செய்தி இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. அதன் 17ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர் குணமடைகின்றனர். ஒருவன் மட்டும் திரும்பிவந்து நன்றி கூறுகிறான். அவன் சமாரியன், அந்நியன். அடுத்த அதிகாரத்தில் பரிசேயன் ஒருவன் கோயிலில் நின்று நன்றி கூறுகிறான். தான் மற்றவர்களைப் போல் இல்லை என்பதற்காக, குறிப்பாகப் பக்கத்தில் நிற்கும் வரிதண்டுபவனைப் போல் இல்லை என்பதற்காக. முதல் நன்றி ஏற்கப்படுகிறது. இரண்டாவது தள்ளப்படுகிறது. ஆகவே 'எனக்கு நல்லது நடந்தது, அவனுக்கு நடக்கவில்லை' என்ற ஒப்பீட்டில் பிறக்கும் நன்றியை நிராகரித்தவர்கள் நமது நாத்திக நண்பர்கள் மட்டுமல்லர். அவர்களுக்கு முன்பே நற்செய்தி அதை நிராகரித்துவிட்டது.

அறுவடைத் திருநாளுக்கு வருவோம். இணைச்சட்டம் எனும் நூலின் (பழைய மொழிபெயர்ப்பில் உபாகமம்) 26ஆம் அதிகாரம் முதற்பலனைப் படைக்கும் முறையை விதிக்கிறது. கூடையைக் கொண்டுவருகிற விவசாயி முதலில் தன் மூதாதை நாடோடியாய் அலைந்தவன், எகிப்தில் அந்நியனாய் இருந்தவன், அடிமைப்பட்டவன் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன்பின் நிலமில்லாத லேவியனோடும் தன்னிடையே வாழும் அந்நியனோடும் சேர்ந்து மகிழ வேண்டும். அதாவது நன்றி வழிபாடு அகதியின் வாக்குமூலத்தோடு தொடங்குகிறது. அகதியோடு சேர்ந்து உண்பதோடு நிறைவுபெறுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கூடை வைக்கப்படுகிறது.

இதை நமது தைப்பொங்கலோடு வைத்துப் பாருங்கள். சூரியனுக்கு நன்றி, மறுநாள் மாட்டுக்கு நன்றி. அறுத்தவனுக்கு? வயலில் நின்றவன் முற்றத்தில் நிற்கவைக்கப்பட்ட ஊரல்லவா நமது ஊர். நாம் வேதக்காரர் என்பதால் இதிலிருந்து தப்பிவிட முடியாது. டிரெஸ்டனுக்கு அருகிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்த சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்குப் போய் இறங்கினார். அவர் தொடங்கிய திருச்சபையிலும் சாதிவாரியாக அமரும் வழக்கம் புகுந்து நிலைத்தது. யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களுக்கும் இவ்வரலாறு அந்நியமானதல்ல. நன்றியின் பாத்திரம் ஒன்று, பந்தி பல.

3

ஒரு நன்றிப் பாடலின் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். லைப்சிக் நகருக்கு அருகே ஐலன்பூர்க் என்று ஒரு ஊர். அங்கே 1586இல் பிறந்து, அங்கேயே போதகராகப் பணியாற்றி, 1649இல் இறந்தவர் மார்ட்டின் ரிங்கார்ட். 1618இலிருந்து 1648 வரை நீடித்த முப்பதாண்டுப் போரின் நடுவில் வாழ்ந்தவர். மதில் சூழ்ந்த ஊர் என்பதால் சுற்றுப்புறக் கிராமங்களின் அகதிகள் எல்லாம் அங்கே வந்து அடைந்தனர். 1637இல் கொள்ளைநோய் பரவியது. அவ்வாண்டு அவர் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரை அடக்கம் செய்தார் என்று சொல்லப்படுகிறது. அவருடைய மனைவியும் இறந்தவர்களில் ஒருவர். பின்னர் சுவீடன் படை வந்து கப்பம் கேட்டபோது அதைக் குறைக்கும்படி மன்றாடியவரும் அவரே என்கிறது ஊர் வரலாறு. கப்பம், இடப்பெயர்வு, அடக்கம் ஆகிய மூன்றையும் நமக்கு யாரும் அகராதி பார்த்து விளக்கத் தேவையில்லை.

'நுன் டாங்கெட் அல்லே கொட்' என்ற புகழ்பெற்ற நன்றிப் பாடலை எழுதியவர் இவர்தான். சமாதானம் வந்த 1648இல் எழுதினார் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் அது 1630களைச் சேர்ந்தது என்பதும், உணவு மேசையில் சொல்வதற்கான சிறு செபமாகவே எழுதப்பட்டது என்பதும் இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. போர் முடிந்ததற்கான நன்றியல்ல அது. போருக்குள் இருந்துகொண்டு, மேசையில் இருந்த ரொட்டிக்காகவும் அதைச் சுற்றி அன்று உயிரோடிருந்தவர்களுக்காகவும் சொன்ன நன்றி.

பின்னர் அப்பாடலுக்கு என்ன நடந்தது? 1757 டிசம்பர் 5ஆம் திகதி லொய்த்தன் போர்க்களத்தில் பிரஷ்ய அரசன் இரண்டாம் பிரெடெரிக்கின் படை ஒஸ்திரியப் படையைத் தோற்கடித்தது. அன்றிரவு பிணங்களிடையே நின்று சிப்பாய்கள் இப்பாடலைப் பாடினார்கள். அன்று முதல் அது 'லொய்த்தன் பாடல்' ஆயிற்று. 1914 ஓகஸ்ட் முதலாம் திகதி, முதல் உலகப் போருக்குப் படைதிரட்டும் ஆணை வந்தபோது, பேர்லின் அரண்மனை முன்னால் கூடிய கூட்டம் இதைப் பாடியது. 1933 மார்ச் 21ஆம் திகதி ஹிட்லரின் ஆட்சிக்குப் பழைய பிரஷ்யாவின் ஆசியைப் பெற்றுத்தர நடத்தப்பட்ட பொட்ஸ்டாம் விழாவிலும் இது ஒலித்தது. 1955இல் சோவியத் சிறைமுகாம்களிலிருந்து கடைசிப் போர்க்கைதிகள் பிரீட்லாண்ட் முகாமுக்குத் திரும்பிவந்தபோது, களைத்துப்போன அம்மனிதர்களும் இதையே பாடினார்கள்.

சொற்கள் மாறவில்லை, இராகமும் மாறவில்லை. மாறியது மேசை. ரிங்கார்டின் மேசையில் வெறுமையான இடங்கள் இருந்தன. பாடியவர்களுக்கு அந்த வெறுமை தெரியும். லொய்த்தனில் எதிரியின் பிணம் மேசையிலேயே சேர்க்கப்படவில்லை. 1914இல் இனிமேல் விழப்போகும் பிணங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே நன்றி சொல்லப்பட்டது. யாருடைய இழப்பு கணக்கில் எடுக்கப்படவில்லையோ, அவ்விடத்தில் நன்றி வெற்றிப் பாடலாகிவிடுகிறது.

4

இந்த நகரத்தின் கதையும் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறது. 1945 பெப்ரவரி 13ஆம் திகதி இரவிலிருந்து பிரித்தானிய, அமெரிக்க விமானங்கள் டிரெஸ்டனைக் குண்டுவீசி எரித்தன. இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர் என்பது 2010இல் வெளியான வரலாற்றாசிரியர் குழு அறிக்கையின் முடிவு.

அந்த நாளில் இந்நகரில் விக்டர் கிளெம்பரர் என்றொரு பேராசிரியர் இருந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்து புரட்டஸ்தாந்தராக ஞானஸ்நானம் பெற்றவர். 1935இல் டிரெஸ்டன் தொழில்நுட்ப உயர்கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் மூலிகைத் தேயிலை பொதி செய்யும் தொழிற்சாலையிலும் கடித உறைத் தொழிற்சாலையிலும் கட்டாய வேலை செய்தார். (விரிவுரை மண்டபத்திலிருந்து பொதி மேசைக்கு வந்தவர் என்ற வகையில் எனக்கு அவர்மேல் ஒரு தனிப்பட்ட ஈடுபாடு உண்டு. என் நிலையையும் அவருடைய நிலையையும் ஒப்பிடுவது அபத்தம் என்பதும் தெரியும்.) அவருடைய மனைவி யூதரல்லாதவர் என்பதால் மட்டும் உயிரோடு விடப்பட்டிருந்தார். பெப்ரவரி 13ஆம் திகதி பகலில், நகரில் எஞ்சியிருந்த யூதர்களில் வேலைசெய்யக் கூடியவர்களை மூன்று நாளில் அனுப்பிவைக்கும் ஆணைக் கடிதங்கள் வந்தன. அவற்றை வீடு வீடாகக் கொடுக்கும் வேலை அவருக்கே கிடைத்தது. அதன் பொருள் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்றிரவு குண்டுகள் விழுந்தன. எரியும் நகரில் அவருடைய மேலங்கியிலிருந்த மஞ்சள் நட்சத்திரத்தை மனைவி பிய்த்தெடுத்தார். மனைவியோடு தப்பினார்.

இப்போது சொல்லுங்கள், இந்த மனிதர் யாருக்கு நன்றி சொல்வது? குண்டுக்கு என்றால் எரிந்துபோன குழந்தைகள் என்ன ஆவது? குண்டு விழாதிருந்தால் அவர் என்ன ஆவது? ஒருவனைக் காத்ததும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதும் ஒரே நெருப்பு. 'தப்பினேன், நன்றி' என்ற சூத்திரம் இங்கே உடைந்து விழுகிறது. கிளெம்பரர் செய்தது ஒன்றுதான். ஆண்டுக்கணக்காக ஒளித்து எழுதிவந்த நாட்குறிப்புகளைக் காப்பாற்றினார். தொடர்ந்தும் எழுதினார். அவை 1995இல் நூலாக வெளிவந்தபோது ஜேர்மனி முழுவதும் வாசித்தது. தப்பியவன் செய்யக்கூடிய 'செய்ந்நன்றி அறிதல்' சாட்சியம் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

குண்டுவீச்சின் பின் பெப்ரவரி 15ஆம் திகதி காலையில் இடிந்து விழுந்த மாதா ஆலயம், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கற்குவியலாகவே கிடந்தது. மீளக்கட்டப்பட்டு 2005 ஒக்டோபர் 30ஆம் திகதி நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் உச்சியிலுள்ள பொற்சிலுவையைச் செய்தவர் இலண்டனைச் சேர்ந்த அலன் ஸ்மித் என்ற பொற்கொல்லர். அவருடைய தந்தை அக் குண்டுவீச்சில் பங்குபற்றிய விமானி. பழைய சிலுவை இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்டு, வளைந்து கருகிய நிலையிலேயே ஆலயத்துக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. புதிய சுவரில் பழைய கற்கள் கறுப்பாகத் தெரிகின்றன. அங்கே நத்தார் வழிபாட்டுக்குப் போகிறவர் எவரும் அக் கறுப்பைப் பார்க்காமல் நன்றிப்பாடல் பாடிவிட முடியாது.

5

ஆனால் அதே நகரில் மற்றொரு நத்தாரும் உண்டு. 2014 ஒக்டோபரில் இங்கே தொடங்கிய 'பெகிடா' இயக்கம் அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் திகதி செம்ப்பர் இசைநாடக அரங்கின் முன்னால் நத்தார்ப் பாடல்கள் பாட அழைப்பு விடுத்தது. பொலிசாரின் கணக்கில் சுமார் 17,500 பேர் கூடினார்கள். மேற்குலகின் கிறிஸ்தவப் பண்பாட்டைக் காக்கிறோம் என்று சொல்லி, அந்நியர் வரக்கூடாது என்பதற்காக, விடுதியில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தின் கதையைப் பாடினார்கள். அரங்கின் நிர்வாகம் எதிர்ப்புக் காட்டி விளக்குகளை அணைத்தது. இணைச்சட்டத்தின் அந்த விவசாயியை மறந்தால் கொண்டாட்டம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அகதியிடம் எதிர்பார்க்கப்படும் நன்றி பற்றியும் பேசியாக வேண்டும். எனது முன்னாள் மேற்பார்வையாளர் ஒருவர், கூடுதல் நேர வேலைக்கான கொடுப்பனவு பற்றிக் கேட்டபோது, "இங்கே இருக்கக் கிடைத்ததற்கு நீ நன்றியோடிருக்க வேண்டும்" என்றார். நம்மில் பலர் இந்த வசனத்தைப் பல குரல்களில் கேட்டிருப்போம். மார்செல் மாஸ் 1925இல் வெளியான தமது கொடை பற்றிய ஆய்வில், கொடுத்தல், பெறுதல், திருப்பிக்கொடுத்தல் என்ற மூன்று கடப்பாடுகளைப் பிரித்துக் காட்டினார். திருப்பிக்கொடுக்க முடியாதவன் தாழ்ந்தவனாகிறான். அகதியிடம் கேட்கப்படும் நன்றி இந்த மூன்றாவது கடப்பாடுதான், தீராக் கடன். அதற்கு நமது பதில் தெளிவாக இருக்க வேண்டும். தஞ்சம் கொடையல்ல, உரிமை. 1949இன் ஜேர்மன் அடிப்படைச் சட்டம் அதன் 16ஆம் உறுப்பில் அதை எழுதியது, நாசிகளிடமிருந்து தப்பி வேறு நாடுகளின் கதவைத் தட்டியவர்களின் நினைவில். 1993இல் அவ்வுரிமை வெட்டிக் குறைக்கப்பட்டது வேறு கதை. உரிமைக்கு யாரும் யாருக்கும் குனிய வேண்டியதில்லை.

அதற்காக நன்றியே இல்லை என்றாகிவிடுமா? 1983இல் பேர்லினில், நாடுகடத்தலுக்கு அஞ்சி ஜெமால் கெமால் அல்துன் என்ற துருக்கிய அகதி நீதிமன்ற மாடியிலிருந்து குதித்து இறந்தார். அவ்வாண்டிலேயே அந்நகரின் திருச்சிலுவை ஆலயம், திருப்பி அனுப்பப்படவிருந்த பலஸ்தீனக் குடும்பங்களை உள்ளே வைத்துக் கதவைக் காத்தது. ஆலயத் தஞ்சம் என்ற வழக்கம் இந்நாட்டில் அப்படித்தான் வேர்கொண்டது. பின்னர் நம்மவர் சிலரும் அத்தகைய கதவுகளுக்குள் இருந்திருக்கிறார்கள். அக் கதவைத் திறந்தவர்கள் கடனுக்குத் திறக்கவில்லை. அரசிடம் கேட்பது உரிமை, மனிதரிடம் அறிவது நன்றி. இரண்டையும் குழப்புகிறவர்கள் உரிமையையும் இழக்கிறார்கள், நன்றியையும் இழக்கிறார்கள்.

6

இனி நமது வீட்டுக் கணக்கு. நமது திருநாட்களில் எதை இரத்தமில்லாமல் நினைக்க முடியும்? 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலியில், தேவாலயத்தில் அடைக்கலம் தேடியிருந்த மக்கள்மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1999 நவம்பரில் மடுக் கோயிலில் ஷெல் விழுந்து சுமார் 40 பேர். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள்ளேயே ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் வெடித்த குண்டுகளில் குழந்தைகளும் போயினர்.

இப்பட்டியலோடு வாழும் சமூகம், "எங்கள் வீட்டில் ஷெல் விழவில்லை, பக்கத்து வீட்டில்தான் விழுந்தது, தோத்திரம்" என்று சாட்சி சொல்ல முடியுமா? சொல்கிறார்கள். கண்ணீரோடுதான் சொல்கிறார்கள், அதைக் கேலிசெய்ய எனக்கு மனமில்லை. பயத்திலிருந்து வெளிவந்தவனின் முதல் மூச்சு அது. ஆனால் முதல் மூச்சையே இறையியலாக்கிக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கடவுள் இல்லை என்றாகிறது. 2009 மே மாதத்தில் கொழும்புத் தெருக்களில் வெடி கொளுத்திப் பாற்சோறு பகிர்ந்தவர்களும் தங்கள் பிள்ளைகள் இனிக் குண்டில் சாகமாட்டார்கள் என்று மகிழ்ந்தவர்களே. அந்தப் பாற்சோறு நமக்கு ஏன் கசந்தது என்பது நமக்குத் தெரியும். முள்ளிவாய்க்காலின் பிணங்கள் அந்த மேசையில் இல்லை.

அப்படியானால் நமது மேசையையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் முழுவதுமாகப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் வெறும் இரண்டு மணித்தியாலங்கள். அவ்வாண்டும் நத்தார் வந்தது, அடுத்து தைப்பொங்கலும் வந்தது. லூக்காவின் பரிசேயன் எந்த மொழியில் நன்றி சொன்னாலும் அவன் பரிசேயனே. தமிழில் சொன்னால் மட்டும் விதிவிலக்குக் கிடைக்காது.

நமக்கு வேறொரு மேசையும் உண்டு. ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப்படுகிறது. போரின் கடைசி நாட்களில் உயிரைப் பிடித்துவைத்த அதே அரிசியும் தண்ணீரும், வருகிற எல்லோருக்கும் வழங்கப்படுகிறது. 2024 மே மாதத்தில் சம்பூரில் அதைக் காய்ச்சி வழங்கியதற்காகப் பெண்களைக் கைதுசெய்தார்கள். ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு அரசு ஏன் பயப்படுகிறது? அது வெறும் துக்கமாக இருந்தால் பயமில்லை. உயிர் கொடுத்த உணவை அறிதலும், இறந்தவரை மறவாமையும், வழிப்போக்கனுக்கும் கொடுத்தலும் ஒரே பாத்திரத்தில் இருப்பதால்தான் பயம். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் உடைக்கப்பட்ட அப்பத்துக்கு இதைவிடக் கிட்டிய உறவை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை. கஞ்சி காய்ச்சியவர்களில் சைவர்கள் எத்தனை, வேதக்காரர் எத்தனை என்ற கணக்கு இங்கே பொருளற்றது.

எனவே நாத்திக நண்பர்களுக்கு: நீங்கள் நிராகரிக்கும் நன்றியை நிராகரியுங்கள், நானும் கூட வருகிறேன், ஆனால் அதோடு நினைவையும் சேர்த்து வீசிவிடாதீர்கள். செபக் கூட்ட நண்பர்களுக்கு: இம்முறை நத்தாரில் நன்றி சொல்லும்போது தப்பியவர்களின் பெயர்களோடு தப்பாதவர்களின் பெயர்களையும் சொல்லுங்கள். நம்மால் துரத்தப்பட்டவர்களையும் சொல்லுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லிய பிறகும் நன்றி மிஞ்சியிருந்தால் அதுதான் கிறிஸ்தவ நன்றி என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.